கேட்டியல்: கந்தர்வக்கோட்டைச் சான்றுகளுடன் ஒரு சிறுநூல்

பாயிரம்

வீட்டுக்கு வீடு வாசப்படி என்று சொல்லிவைத்தவர்கள், அந்த வாசப்படிக்கும் முன்னால் இரும்பில் ஒன்று வந்து நிற்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணியிருந்தால் அதற்கும் இலக்கணம் செய்திருப்பார்கள். யாப்புக்கும் அணிக்கும் நூல் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குக்கூட உண்டு. அப்படிப்பட்ட மொழியில் வீட்டுக் கேட்டுக்கு ஒரு நூல் இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர், கேட்டு என்று வந்ததும் பட்டறைத் தம்பி கைபேசியில் காட்டும் நாலு படத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு வருகிறார். அக்குறை நீங்கவே இச்சிறுநூல்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலம் கந்தர்வக்கோட்டை வட்டம். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், டெல்டாவின் பச்சை முடிந்து செம்மண்ணும் முந்திரியும் தைல மரமும் தொடங்கும் ஊர் இது. முள் படலும் ரிமோட் கேட்டும் இங்கே ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்து அனுப்பும் பணம் முதலில் கண்ணில் படுவது கேட்டில்தான்; ஆகவே சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டின் மிகச் சிக்கலான வாசல் ஒன்றும் இதே வட்டத்தில் இருக்கிறது. அதை அதனிடத்தில் பார்ப்போம்.

திணைக்குச் சொன்னதுபோல் கேட்டுக்கும் முதல், கரு, உரி என மூன்றும் உண்டு. முதற்பொருள் மனையும் தெருவும். கருப்பொருள் இரும்பு, ஆடு, மாடு, நாய், ஆல்டிராப், கார் முதலாயின. உரிப்பொருள் நிற்றலும் நிற்றல் நிமித்தமும். கடைக்காரர்கள் கருப்பொருளை மட்டும் விற்கிறார்கள். கொத்தனார் முதற்பொருளை மட்டும் பார்க்கிறார். உரிப்பொருளை, அதாவது இந்தக் கேட்டுக்கு வெளியே யார் நிற்கப்போகிறார், எவ்வளவு நேரம் நிற்கப்போகிறார் என்பதை, எவரும் கேட்பதில்லை. அதுவே தலையாயது என்பது இந்நூலின் துணிபு.

பொருள் பற்றிய பாகுபாடு

காலத்தால் முந்தியது படல். மூங்கில் பிளாச்சு, விளார், முள் ஆகியவற்றால் ஆவது. இதைத் திறப்பதில்லை, தூக்கி ஓரமாக வைப்பதே வழக்கம். கீல் இல்லை, ஆகவே கிறீச்சிடுவதும் இல்லை, தொங்கிப்போவதும் இல்லை. மனிதரை நிறுத்தும் எண்ணமே படலுக்குக் கிடையாது. ஆட்டை நிறுத்தும், கோழியைக்கூட நிறுத்தாது. வந்தவர் படலுக்கு வெளியே நின்று "ஆத்தா, இருக்கியளா?" என்று ஒரு குரல் கொடுப்பார். பதில் வருவதற்குள் உள்ளே வந்திருப்பார். யாழ்ப்பாணத்தார் ஒருபடி மேலே போய், படலைக்குக் கூரை வேய்ந்து, பக்கத்தில் உட்காரத் திண்ணையும் வைத்து அதைச் சங்கடப் படலை என்றார்கள். வெளியே நிற்பவருக்கு நிழல் கொடுத்த கேட்டு வகை இந்நூல் அறிந்த வரையில் அது ஒன்றே. இன்று நாலு லட்சம் கொடுத்தாலும் அந்த வசதி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

அடுத்தது இரும்பு. இதை அழகால் அளப்பவர் வீட்டார், சதுர அடியால் அளப்பவர் இடைத்தரகர், கிலோவால் அளப்பவர் பட்டறைக்காரர். மூவரும் ஒரே கேட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் பில் வரும்போது எழும். கிலோ கணக்கே நேர்மையானது. ஒரு மில்லிமீட்டர் கனத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும் என்பது எல்லா ஊர் இரும்புக்கும் பொது. தராசில் ஏற்றிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. சதுர அடிக் கணக்கில் பேசினால் கேஜைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

"பதினாறு கேஜ் போடவாண்ணே, பதினெட்டு கேஜ் போடவா?"

"என்னப்பா, பதினெட்டே போடு. ஒரே தடவைதானே செய்யிறோம்."

தம்பி தலையாட்டிவிட்டுப் போவார். கேஜ் எண் ஏற ஏறத் தகடு இளைக்கும். 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. பெரிய எண் கேட்டுப் பெருந்தன்மை காட்டியவர் வீட்டுக் கேட்டில் பந்து பட்டால் குழி விழுவதற்கு இதுவே காரணம்.

எவர்சில்வர் கேட்டுக்கு ஒரு சடங்கு உண்டு. கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து காந்தம் எடுத்துக் குழாயில் வைப்பார். ஒட்டாது. "பாத்தீங்களா, 304!" என்பார். சுற்றி நிற்பவர்கள் மகிழ்வார்கள். 304 என்பது 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்தது. விலை ஏறிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது 202. காந்தம் அதிலும் ஒட்டாது. ஆகவே அந்தச் சடங்கால் நிறுவப்படுவது காந்தம் ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே. கடற்காற்று அடிக்கும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்தில் இந்த வேறுபாடு சில மழைக்காலங்களிலேயே பழுப்புப் புள்ளிகளாக வெளிப்படும். கந்தர்வக்கோட்டை உள்நாடு, இங்கே 202 தாக்குப்பிடிக்கும். ஆனால் 304-இன் விலைக்கு அதை வாங்கத் தேவையில்லை.

இரும்பு நிலைக்கும் என்று இறுமாந்திருப்பவர்க்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் போருக்கு இரும்பு வேண்டும் என்று வீட்டு முகப்புகளின் கம்பி அழிகளையும் கேட்டுகளையும் அரசே அறுத்துக்கொண்டு போனது. லண்டனில் சில வீட்டுச் சுவர்களில் அறுபட்ட அடிக்கட்டைகளை இன்றும் பார்க்கலாம். நம்மூரில் அந்தப் பணியைப் பழைய இரும்புக்காரர் தனியொருவராகச் செய்கிறார்.

அசைவு பற்றிய பாகுபாடு

ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, தள்ளு கேட்டு, மடக்கு கேட்டு என நான்கு. ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் கொள்வர்: திறந்தபடியே தரையில் புதைந்து அசையாமல் நிற்பது. அது பிறப்பால் இரட்டைக் கதவே, மூப்பால் வேறுபட்டது. தனி வகை அன்று.

ஒற்றைக்கும் இரட்டைக்கும் உள்ள வேறுபாடு அழகு பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அன்று; அது தூணின் கழுத்தைப் பற்றியது. 12 அடி வாசலுக்கு 160 கிலோவில் ஒரே கதவு போட்டு, கீல்களை நான்கடி இடைவெளியில் வைத்தால், மேல் கீல் தூணைப் பக்கவாட்டில் சுமார் 240 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் அதற்கு ஓய்வில்லை. அதையே ஆறடிக் கதவுகள் இரண்டாகப் பிரித்தால், எடை பாதியாகிறது, தூணிலிருந்து எடை தள்ளியிருக்கும் தூரமும் பாதியாகிறது. ஆகவே இழுப்பு கால் பங்காகக் குறைந்து 60 கிலோவில் நிற்கிறது. கேட்டு தொங்கிப்போனால் வீட்டார் வெல்டரைத் திட்டுவது மரபு. வெல்டர் வெயிலைத் திட்டுவார்: "அக்னி நட்சத்திரத்துல இரும்பு விரிஞ்சிருச்சுண்ணே." 12 அடி இரும்பு 30 டிகிரி கூடுதல் சூட்டில் நீளுவது ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். விரிந்தது இரும்பு அன்று, சாய்ந்தது தூண். ஆகவே இவ்வழக்கில் வெயில் நிரபராதி.

தள்ளு கேட்டுக்கு உள்ளே இடம் வேண்டாம்; பக்கத்தில் வேண்டும். 12 அடி திறக்க 12 அடிக்கு மேல் நேர்ச்சுவர் இருக்க வேண்டும். அளந்து பார்க்காமல் ஆர்டர் கொடுத்தவர் கேட்டு பாதி திறந்ததும் தென்னை மரத்தில் இடிக்கும். ரயிலே வராத கந்தர்வக்கோட்டையில் தண்டவாளம் பதித்தது தள்ளு கேட்டுதான் என்பதை வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்தத் தண்டவாளத்தில் செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் சேரும். நாளும் பெருக்க வேண்டும். இன்னொன்றை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்புக் கட்டை, மேலே கேட்டைப் பிடித்துக்கொள்ளும் உருளைகள், இவை இல்லாத தள்ளு கேட்டை வீட்டுக்குள் விடவே கூடாது. எல்லை தாண்டித் தள்ளினால் அப்படியே சாயும். அதைத் தள்ளி விளையாடுவது குழந்தைகள். காசு குறைக்க வேண்டுமானால் டிசைனில் குறையுங்கள்.

மோட்டார் வைத்த கேட்டைப் பெரும்பாலும் தள்ளு கேட்டின் உட்பிரிவாகக் கொள்ளலாம். மலேசியாவில் சாதாரண வரிசை வீட்டுக்கும் ஆட்டோ கேட்டு உண்டு. அங்கிருந்து வந்தவர் இங்கும் வைக்கிறார். மின்சாரம் போனால் கையால் திறக்க மோட்டாரில் ஒரு சாவி இருக்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் கோலாலம்பூரில் இருப்பார்.

இனி, பாயிரத்தில் சொல்லிவைத்த சிக்கலான வாசல், வாடி. தச்சன்குறிச்சி இதே வட்டத்து ஊர். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பொங்கலுக்கு முன்பே இங்கேதான் நடக்கிறது. வாடிவாசலை அசைவு பற்றி ஒருவழி வாசல் எனலாம்: வெளியேறுவதற்கு மட்டும் உரியது. அகலம் ஒரு மாட்டுக்கு, வாஸ்து இல்லை, பெல் இல்லை. வீட்டுக் கேட்டில் உள்ளே இருப்பவர் அச்சமின்றியும் வெளியே நிற்பவர் தயங்கியும் இருப்பர். இங்கே வெளியே நிற்கும் நூறு பேரும் திறக்கும் கணத்துக்காக உடம்பெல்லாம் காதாக நிற்கிறார்கள். நிற்றல் என்னும் உரிப்பொருள் முழுமை பெற்ற வாசல் இது. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் மாநில அரசின் 2017 சட்டத் திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்நூல் ஆராயும் வாசல்களில் டெல்லி வரை போய் வந்தது இது ஒன்றே.

அளவு

மனையடி சாஸ்திரப் பட்டியலில் 10 அடியும் 11 அடியும் நல்லவை, 12 முதல் 15 வரை ஆகாதவை, 16 மிகுந்த செல்வம். அந்த அளவு அறையின் உட்பக்கத்துக்குச் சொன்னது என்று அச்சிட்டவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் பஞ்சாங்கம் கையில் உள்ளவரோடு வாதிட்டு வென்றவரில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் வாசல் ஒன்று 11 அடியில் ஒடுங்கும், அல்லது 16 அடியில் மண்டபம்போல் விரியும்.

உண்மையில் அகலத்தைக் காரைக்கொண்டு முடிவு செய்வதும் பிழை. மாருதி ஆல்டோ 1.49 மீட்டர், ஸ்விஃப்ட் 1.735 மீட்டர், இரண்டும் எட்டடி வாசலில் நேராக நுழையும். ஆனால் யாரும் நேராக நுழைவதில்லை. தெருவிலிருந்து திரும்பித்தான் நுழைகிறார்கள். தெரு எவ்வளவு குறுகலோ வாசல் அவ்வளவு அகலமாக வேண்டும். 30 அடிச் சாலைக்குப் பத்தடி போதும். 12 அடிச் சந்தில் இருப்பவருக்கு அது போதாது. வசதி குறைந்த தெருவில் இருப்பவர்தான் பெரிய கேட்டுக்குச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு இலக்கணத்தில் பரிகாரம் இல்லை. இன்னொரு வண்டியையும் நினைவில் வைக்க வேண்டும்: போர் போடும் லாரி. எட்டடிக்கு மேல் அகலம். வீடு கட்டும்போது முதலில் வந்து போனது. அப்போது கேட்டு இல்லை. நீர்மட்டம் இறங்கிய ஒரு கோடையில் மறுபடி வரும்.

உயரம் பற்றிப் பேசுகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை. கேட்டின் அடியில் இரண்டு அங்குலம் விட்டால் போதும் என்பார் தம்பி. தெரு அடுத்த முறை தார் போட்டு உயரும்போது அந்த இரண்டு அங்குலத்தில் ஒன்றரை போய்விடும். பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். எழுத்தாளர் சொன்னதைக் கேட்கும் பழக்கம் நம் ஒப்பந்தக்காரர்களுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு கேட்டார்கள். ஆகவே நாலு அங்குலம் விடுக. நாய் நுழையுமே என்றால், அடியில் ரப்பர் பட்டை வைத்துக்கொள்க. அது தெரு உயர்ந்தால் மடங்கும், இரும்பு மடங்காது.

காவல்

கந்தர்வக்கோட்டைக்கு இருபுறமும் வாயிற்காவலர் உண்டு. வடக்கே தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் திருவாயிலில் ஒற்றைக் கல்லில் நிற்கும் பெரும் துவாரபாலகர்கள். புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தில் அளவாக நிற்பவர்கள். இந்த மரபு அறுபடவில்லை. இன்று தூணுக்குத் தூண் சிமெண்ட் சிங்கம், நடுவில் நாக்கை நீட்டும் திருஷ்டி முகம், மேலே கண்காணிப்புக் கேமரா. துவாரபாலகர் சுட்டுவிரல் நீட்டி எச்சரித்தார். கேமரா பதிவு செய்துகொள்கிறது, சிங்கம் காக்கைக்கு இடம் கொடுக்கிறது.

மறைப்பு வேண்டி முழுத் தகடு அடிப்பது இப்போது பரவியிருக்கிறது. தெருவுக்கு ஒன்றும் தெரியாது; வீட்டுக்கும் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதை விருப்பம் என்று விட்டுவிடலாம். காற்று விடாது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இந்த வட்டாரத்துத் தென்னையையும் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று, 12 அடிக்கு ஆறடி முழுத் தகட்டின் மேல் 300 கிலோ அழுத்தம் கொடுக்கும். கம்பி கேட்டில் அந்தக் காற்று ஊடே போய்விடும். மறைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் கீழ்ப்பாதி தகடு, மேல்பாதி கம்பி. லேசரில் மயிலும் கொடியும் வெட்டிய தகடு என்றாலும் வெட்டின ஓட்டை பாதிக்கு மேல் இருந்தால்தான் காற்றுக்கு வழி.

நிற்றல்

இப்போது தலையாய இயல். ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஒரு நாளில் யார் யார் நிற்கிறார்கள்? பால்காரர், கீரை விற்கும் அம்மா, பள்ளி வேனுக்கு ஓடும் பிள்ளை, கேஸ் சிலிண்டர், மின் அளவி பார்க்க வருபவர், எதிர்வீட்டு அத்தை, பத்திரிகை வைக்க வந்த சொந்தம். இவர்களில் எவரும் 12 அடி அகலம் இல்லை. கார் ஒரு நாளைக்கு ஒருமுறை போய் வரும். பல வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை. கேட்டு வந்துவிட்டு, கார் இனிமேல் வரப்போகும் வீடுகளும் உண்டு. பெரிய கேட்டு முழுதாகத் திறப்பது காருக்கும், பந்தல் சாமானுக்கும், கடைசியாக ஒருமுறைக்கும்.

கோட்டை கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். யானை நுழையும் கதவில் ஆள் நுழைய ஒரு திட்டிவாசல் வைத்தார்கள். நாம் பெரிய கேட்டைப் படம் பார்த்துத் தேர்ந்தபிறகு, "சின்ன கேட்டு ஒண்ணும் வச்சிரு தம்பி" என்று எழுந்திருக்கும்போது சொல்கிறோம். மிஞ்சின இடத்தில், மிஞ்சின டியூபில், இரண்டடியில் ஒன்று வரும். சிலிண்டரைத் தோளில் வைத்தவர் அதில் பக்கவாட்டில் நுழைவார். சக்கர நாற்காலி நுழையவே நுழையாது. அது தேவைப்படும் நாள் எல்லா வீட்டுக்கும் உண்டு.

ஆகவே இந்நூலின் விதி: சின்ன கேட்டை முதலில் தேர்க, பெரிய கேட்டை அதற்குத் துணையாகத் தேர்க. சின்னதற்கு மூன்றரை அடி. அது வீட்டு வாசற்படிக்கு நேராக இருக்கட்டும், கார் நிற்கும் பக்கம் அன்று. படி வேண்டாம், சரிவு போதும். தாழ்ப்பாள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கை எட்டுவதாக இருக்கட்டும். கை எட்டினால் திருடனும் திறப்பானே என்பார் ஒரு சாரார். ஐந்தடிக் கேட்டை ஏறிக் குதிக்கத் தெரியாதவன் அந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டான். கை எட்டாத தாழ்ப்பாளால் தடுக்கப்படுபவர் மழையில் குடையோடு நிற்கும் அத்தை மட்டுமே. இரவுக்குப் பூட்டு இருக்கிறது. பெல்லைத் தூணின் வெளிப்புறம், மேலே ஒரு சிறு சன்ஷேட் விட்டு அதன்கீழ் வைக்கலாம். ஒன்றரை அடி சிமெண்ட் பலகை. நிற்பவர் தலை நனையாது. சங்கடப் படலைக்கு இதைவிட அருகில் நம்மால் போக முடியாது.

நாட்டுதல்

தூண் முதலில், அளவு பின்னால், கேட்டு அதற்கும் பின்னால். படத்தில் போட்ட அளவுக்குக் கேட்டு செய்துவிட்டுத் தூணை அதற்கேற்ப நெருக்குவது சாதாரணமாக நடக்கிறது. தூண் எழும்பிய பிறகு மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கொத்தனாரை விடாதீர்கள்.

கீல் தாங்கும் தூண் வெறும் செங்கல்லாக இருக்கக் கூடாது. உள்ளே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, கீல் பிடிக்கும் தகட்டை அந்தக் கம்பியோடே சேர்த்து வெல்டு வைத்துவிட வேண்டும். பூச்சு முடிந்தபிறகு துளைபோட்டு போல்ட் முடுக்குவது இரண்டாந்தரம். இங்கத்திய மண்ணில் சில அடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டும். அதுவரை போய்விட்டால் தூண் நகராது. மேல்மண்ணிலேயே நிறுத்தினால் ஐப்பசி மழையில் மெல்லத் தலைசாய்க்கும். கனமான கதவென்றால் முழு எடையையும் கீலில் தொங்கவிடாமல் அடியில் ஒரு பேரிங் கிண்ணத்தில் உட்காரவைக்கலாம். பழைய தேக்குக் கதவுகள் குடுமியில் நின்றதும் இதே அறிவுதான். கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாள் ஆகும். தண்ணீர் விட்டுக் காத்திருந்து மாட்டுவது முறை.

முறை இதுவாயினும் வழக்கு வேறு. தூணுக்குக் கான்கிரீட் போடும் நாளும் கிரகப்பிரவேச நாளும் ஒரே பத்து நாளுக்குள் வரும். பட்டறையில் முகூர்த்த மாதத்தில் நாலு வீட்டுக் கேட்டு ஒன்றாகக் கிடக்கும். முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குக் குட்டியானையில் வந்து இறங்கி, ஜெனரேட்டர் வெளிச்சத்தில் வெல்டு வைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சோடு விடியலில் தயாராக நிற்கும். "பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்ணே." பிரைமர் என்பது பெயிண்டுக்குப் பிடிமானம் தரும் அடிப்பூச்சு, தனியாக விட்டால் ஈரத்தை உள்ளே விடும், சில மாதத்தில் வெல்டு வைத்த இடங்களில் துரு எட்டிப் பார்க்கும். வெல்டு கசடைத் தட்டி எடுத்துத் தேய்த்து, மறுபடி பிரைமர் தொட்டு, எனாமல் இரண்டு கோட்டு அடித்தால்தான் வேலை முடிந்தது. ஆனால் கணக்கு முடித்துப் பணம் கொடுத்தபின் அந்த அப்புறம் வருவதில்லை. ஆகவே கடைசித் தவணையைப் பெயிண்ட் காயும் வரை கையில் வைத்திருத்தல் நன்று.

விசேஷத்துக்கு வந்தவர் எவருடைய வெள்ளை வேட்டியிலாவது முதுகுப்புறம் செங்காவிக் கோடுகள் நெட்டுக்குத்தாக விழுந்திருந்தால், அவ்வீட்டில் சின்ன கேட்டு இரண்டடி என்றும், அவர் பந்திக்குக் கூப்பிடும்வரை பெரிய கேட்டில் சாய்ந்து நின்றார் என்றும் கொள்க.